புரையை எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது

இடது கண் மங்குகிறது என்றுதான் அப்பா சொன்னார், நாங்களும் நம்பினோம். ரங்கூனில் ஒரு கடையில் புதுக் கண்ணாடி போட்டோம், பலனில்லை. அடுத்துப் போன கண் மருத்துவமனையில் லேசான புரை இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். பலகையில் கடைசி வரி எழுத்துவரை வாசிக்கிறவருக்கு எதற்கு ஆபரேஷன்? எனக்கு ஒப்பவில்லை.

வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அப்பாவின் எதிரே உட்கார்ந்தார். "ஊலே (பர்மிய மொழியில் மாமா), வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். இடப்பக்க விரல்கள் தெரியவில்லை. சரி, இடது கண் கோளாறுதானே என்று நினைத்தேன். அப்புறம் இடது கண்ணைப் பொத்தச் சொன்னார். நல்லது என்று நாங்கள் நினைத்திருந்த வலது கண்ணுக்கும் அதே இடப்பக்கம் தெரியவில்லை!

பழுது ஒரு கண்ணில் மட்டும் என்றால் மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டிலும் ஒரே பாதி போனால் மூளைப் பக்கம்தான் தேட வேண்டும். இரு கண்களும் காணும் இடப்பாதி மூளையின் வலப் பின்பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. டார்ச் அடித்தபோது கண்மணி ஒழுங்காகச் சுருங்கியது, விழித்திரையும் சுத்தம். கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே சிலருடைய மூளை மறந்துவிடுமாம். அப்பா பன்னிரண்டு எண்களையும் சரியாகப் போட்டார்.

பார்வைப் புலச் சோதனைத் தாள்கள் இரண்டிலும் இடப்பாதி கறுப்பு. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வலப் பின்பகுதியில் பக்கவாதம் வந்த தடம் இருந்தது. கை கால் இழுக்கவில்லை, பேச்சு குழறவில்லை, யாருக்குத் தோன்றும்? நடுப்பார்வை தப்பியதால்தான் பலகை எழுத்தெல்லாம் தெரிந்திருக்கிறது. ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. அங்கிருந்து ரத்தக் கட்டி போயிருக்கலாம் என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். பார்வை திடீரென்று இப்படிப் போனால் கண்ணாடிக் கடைக்கு அல்ல, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தானாகத் திரும்பினால் முதல் சில மாதங்களில்தான், ஆறு மாதத்துக்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார். இங்கே 1970 முதல் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. தெருவில் இறங்கினால் முதலில் மோத வருவது இடப்பக்கத்திலிருந்துதான், அதாவது அப்பாவுக்குத் தெரியாத பாதியிலிருந்து. தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகே காலை வைக்கப் பழக்கினார்கள். வாசிக்கும்போது வரியின் தொடக்கம் தொலைந்துவிடுகிறது. இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்து, அது கண்ணில் படும்வரை பின்னால் போய்த் தொடங்குகிறார். பர்மியப் பத்திரிகைக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் அதே நாடாதான்.