பூ மழை

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு. அரபிகா ரகம், நடுவுல மிளகுக்கொடி, மேல நிழலுக்கு சில்வர் ஓக். மார்ச் ஏப்ரல்ல பூ மழைனு ஒண்ணு வரணும், ஒரு இஞ்சாவது நல்லா பெய்யணும், பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல மலையே வெள்ளையா பூத்து மல்லி மாதிரி வாசம் வரும், அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல இன்னொரு மழை கிடைச்சாதான் பிஞ்சு நிக்கும்.

இந்த வருசம் மழைமானில பாத்தா 40 சென்ட் (எங்க ஊர் கணக்குல 100 சென்ட்னா ஒரு இஞ்ச்). அந்த அரைகுறை மழைக்கு மொட்டு லேசா ரோஸ் கலர்ல வந்து அப்படியே கருகிருச்சு. அப்பா ஒரு கிளைய புடிச்சுகிட்டு "வராமலே இருந்திருக்கலாம்டா"ன்னு சொன்னாரு, அவ்ளோதான், வேற பேசல.

சரி காய்ச்ச கொஞ்சத்தையாவது எடுக்கலாம்னா பறிக்கிற டிசம்பர்ல மழை. பழம் வெடிச்சு கீழ கொட்டுது, களத்துல காயப்போட்டத தார்ப்பாய் போட்டு மூடுறதும் தெறக்குறதுமே வேலை, பூஞ்சை வந்துட்டா வியாபாரி வெலைய பாதியாக்கிடுவாரு. பறிக்கிற அக்காங்களுக்கு கிலோ கணக்குல கூலி, பழமே இல்லாதப்ப அவங்க என்ன பண்ணுவாங்க, பாதிப்பேர் திருப்பூர் போயாச்சு.

வெயில் ஏற ஏற தண்டு துளைக்கிற புழு வேற. போன வாரம் மட்டும் பதினோரு செடி புடுங்கி எரிச்சோம், எல்லாம் தாத்தா வச்சது.

கீழ ரொபஸ்டா வைக்கச் சொல்றாங்க, அது வெயிலையும் இந்தப் புழுவையும் கொஞ்சம் தாங்குற காப்பி ரகம். அப்பாட்ட இன்னும் கேக்கல.