மூன்றே முக்கால் மணிக்குச் சேர்த்த ட்ரிப்சின்

சோதனையை இன்னும் மூன்று மணி நேரம் ஓட விடட்டுமா என்றுதான் எங்கள் ஆய்வக மாணவியான அவள் கேட்டிருக்கிறாள். ட்ரிப்சின் சேர்த்துவிடட்டுமா என்று அவள் கேட்டதாகவும், சேர்த்துவிடு என்று நான் சொன்னதாகவும் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் என் நினைவில் இருந்தது. போன மாதம் வேறொரு கணக்குக்காக அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, அந்த இரவுக்கு நேராக இரண்டே வரிகள் இருந்தன. மூன்று நாற்பதுக்கு நீட்டிக்கக் கேட்டதாகவும், மறுக்கப்பட்டதாகவும் முதல் வரி. மூன்று நாற்பத்தைந்துக்கு ட்ரிப்சின் என்று இரண்டாவது வரி. மறுத்தவர் யார் என்று அவள் எழுதவில்லை. கேள்வியை எனக்குச் சாதகமாக எப்போது மாற்றிக்கொண்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.

ட்ரிப்சினைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. செல்கள் தாம் நிற்கும் தளத்தை எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்பதை அளக்க, மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல் கொலாஜன் பூசி அவற்றை வளர்க்கிறோம். ஜெல்லுக்குள் ஒளிரும் நுண்மணிகள் பதிந்திருக்கும். செல் இழுத்தால் ஜெல் நெளியும், மணிகள் இடம் பெயரும். 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸும் அவருடைய உடனாய்வாளர்களும் மெல்லிய சிலிக்கோன் படலத்தின் மேல் செல்களை விட்டு, அவை அதைச் சுருக்கங்களாக மடிப்பதைக் காட்டினார்கள். நாங்கள் செய்வது அந்தச் சுருக்கங்களை எண்களாக்கும் வேலை. ஆனால் மணி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், யாரும் இழுக்காதபோது அது எங்கே இருந்தது என்பது தெரிய வேண்டும். அதற்காகச் சோதனையின் கடைசியில் ட்ரிப்சின் என்னும் நொதியைச் சேர்த்துச் செல்கள் அனைத்தையும் தளத்திலிருந்து கழற்றி, அதே இடத்தில் ஒரு படம் எடுக்கிறோம். அந்த ஒற்றைப் படம் இல்லாவிட்டால் அதற்கு முன் எடுத்த நூறு படங்களிலிருந்தும் விசை கணக்கிட முடியாது. அதை எடுப்பதற்கோ, அளக்கப்பட்ட திசுவையே அழித்தாக வேண்டும். எங்கள் தொழிலில் திரும்ப முடியாத படி அது ஒன்றுதான் என்று புதிதாக வரும் மாணவர்களிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது வழக்கமான சோதனை. 1958இல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கும் எம்.டி.சி.கே. செல்களை, ஒரு சிலிக்கோன் தடுப்புக்குள் நெருக்கமாக வளர்த்துப் பிறகு தடுப்பை எடுத்துவிடுவோம். எதிரே வெற்றிடம் இருப்பதை உணர்ந்ததுபோல் அந்த விரிப்பு முழுவதும் ஒன்றாக நகரத் தொடங்கும். காயம் ஆறுவதும் கருவில் உறுப்புகள் உருவாவதும் இப்படிச் செல்கள் ஒன்றையொன்று விடாமல் கூட்டமாக நகர்வதைச் சார்ந்தவை. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று முற்பகல் பதினொன்று நாற்பதிலிருந்து பதினாறு மணி நேரம் ஓடியிருந்தது. காலை ஏழு மணிக்கு மைக்ராஸ்கோப் அடுத்தவருக்கு.

தொலைபேசி ஒலித்தபோது நான் பெங்களூரு எலகங்காவில் என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் குரலில் பதற்றம் இல்லை, அதனால்தான் நான் சரியாகக் காது கொடுக்கவில்லையோ என்று இப்போது நினைக்கிறேன். "அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க. விளிம்புல இருந்து ஒரு நானூறு மைக்ரான் உள்ள, ஒரு பட்டை மாதிரி செல்லெல்லாம் நின்னு போச்சு. இப்ப கொஞ்சம் பின்னால வருது. படத்தோட அகலம் முழுக்க அப்படித்தான் இருக்கு. மணியும் திசை மாறுற மாதிரி தெரியுது. ஒரு மூணு மணி நேரம் விட்டா அந்தப் பட்டை எங்க போகுதுன்னு பாத்துடலாம்."

மூன்று மணி நேரம் என்றால் ஆறு நாற்பது. நெருக்கமான செல் விரிப்பு முழுதாகக் கழன்று ஜெல் அடங்க எங்கள் கையில் அரை மணி நேரமாவது ஆகும். ஏழு மணியைத் தாண்டிவிடும். அதற்கு முந்தைய மாதம்தான் இதேபோல் நேரம் முடிந்து, பாதிச் செல்கள் ஒட்டியிருந்த நிலையில் தட்டை எடுக்க வேண்டியதாகி, ஒரு முழுச் சோதனை வீணாகியிருந்தது. ஜெல் சீரில்லாமல் இருந்தாலும் குவியம் விலகினாலும் இப்படித் தெரியும் என்றேன். இருக்கும் பதினாறு மணி நேரம் கட்டுரைக்குப் போதும், இப்போதே முடித்துவிடு என்றேன். அவள் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்றாள்.

அந்த வாக்கியத்தைத்தான் நான் இவ்வளவு நாளும் சுற்றிவருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது இரண்டு விதமாகச் சொல்லப்படும். ஒன்றில் பெரியவர் சொல்லை மனம் ஏற்கிறது, மற்றொன்றில் வாய் மட்டும் ஏற்கிறது. அவளுடையது எது என்பதைக் கேட்டறியும் வயதும் அனுபவமும் எனக்கு இருந்தன. தூக்கமும் இருந்தது.

என் பக்கத்தை நான் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. விசைப் படத்தில் இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கம் இருப்பது எல்லோரும் அறிந்தது. விளிம்பில் நிற்கும் செல்கள் வெளிநோக்கி நகர, தளத்தை உள்நோக்கி இழுக்கும். உள்ளே போகப் போகச் சில இடங்களில் அந்தத் திசை தலைகீழாகவும் இருக்கும். அப்படி ஒரு திட்டைக் கண்டவுடன் சோதனையை நீட்டித்தால் எந்தச் சோதனையும் முடியாது. அந்த இரவின் தகவல் எங்கள் கட்டுரையில் ஒரு படமாக இடம் பெற்றிருக்கிறது, அந்த ட்ரிப்சின் படம் குறையில்லாமல் கிடைத்ததால்தான். இதை அவளும் மறுக்க மாட்டாள்.

ஆனால் அவள் சொன்னது திட்டு இல்லை, பட்டை. அகலம் முழுவதும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் ஒரே தொலைவில். அந்த வேறுபாட்டை இன்று யாராவது என்னிடம் தேர்வில் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். 2012இல் பார்சிலோனாவில் சேவியர் ட்ரெபாட்டின் குழு இதே வகைச் செல்கள் விரியும்போது ஓர் இயந்திர அலை விளிம்பில் தொடங்கி மெதுவாக உள்நோக்கிப் பயணிப்பதை வெளியிட்டிருந்தது. அதன் வேகம் மணிக்கணக்கில்தான் தெரியும். நான் அதைப் படித்திருந்தேன். ஆய்வகக் கூட்டத்தில் அதைப் பற்றி விளக்கிப் பேசியவளும் நான்தான். அவள் அன்று கண்டது அந்த அலையா, வேறு ஏதாவதா என்று சொல்ல மூன்று மணி நேரத் தொடர்ச்சி வேண்டும்.

எனக்கு அன்று வேறொரு கதை தேவைப்பட்டது என்பதை மெல்லத்தான் ஒப்புக்கொண்டேன். எங்கள் கட்டுரை விளிம்பில் விசிறிபோல் விரிந்து முன்செல்லும் தலைமைச் செல்களைப் பற்றியது. அவை இழுக்கின்றன, மற்றவை பின்தொடர்கின்றன என்ற படம் பார்க்க அழகானது, சொல்ல எளிது. அது முழு உண்மையில்லை என்று 2009இலேயே ட்ரெபாட், ஃப்ரெட்பெர்க் முதலியோர் காட்டிவிட்டார்கள். விளிம்பிலிருந்து பல வரிசைகள் பின்னால் இருக்கும் செல்களும் தளத்தை இழுக்கின்றன, அந்த இழுவை செல்லுக்குச் செல் கைமாறி விரிப்பு முழுவதும் இறுக்கமாகச் சேர்கிறது, ஒரு கயிறிழுப்புப் போட்டிபோல. குடலிலும் இதே வழக்கு உண்டு. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் விரலிகளின் அடியில் செல்கள் பிரிந்து பெருகுவதால், அந்த நெருக்கடி மேலே உள்ளவற்றை உச்சிவரை தள்ளுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவை தாமாகவும் ஊர்ந்து ஏறுகின்றன என்று எலிகளில் காட்டியது. தள்ளப்படுகிறவை என்று நாம் எழுதி வைத்தவை நடந்துகொண்டிருந்திருக்கின்றன.

இதைப் பற்றி ஒருநாள் தேநீர்க் கடையில் அவளிடம் பேசினேன், அந்த இரவைக் குறிப்பிடாமல். அவள் திருநெல்வேலிக்காரி. "ஆனித் தேர்ல வடம் பிடிக்கிறவங்களத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, அக்கா. பின்னால சக்கரத்துக்குத் தடி போடுறவங்க இல்லன்னா தேர் எம்பாது" என்றாள். நல்ல உவமை. அதோடு அவள் நிறுத்தவில்லை. "ஆனா நம்ம செல்லுக்கு இது சரிப்படாது. இங்க தேருன்னு தனியா ஒண்ணும் இல்ல, வடமும் அதுதான், சக்கரமும் அதுதான்." நான் சிரித்தேன். தன் உவமையைத் தானே அடுத்த மூச்சில் உடைத்துப் பார்க்கும் ஒருத்தி, என் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு எளிதாக அடங்கினாள் என்றால் அடங்கியது அறிவில்லை. என் பெயர் கட்டுரையில் எங்கே வரும், அவளுடைய பரிந்துரைக் கடிதத்தை யார் எழுதுவார், அடுத்த மாத மைக்ராஸ்கோப் நேரத்தைப் பங்கிடுவது யார் என்பதெல்லாம் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் அவளுக்குக் கேட்டிருக்கும். இப்படி எழுதும்போதே, ஆய்வகத்தைச் செல் விரிப்பாக்கி நான் எனக்கு வசதியான உவமை ஒன்றைக் கட்டுகிறேனோ என்ற ஐயமும் வருகிறது. செல்களுக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லை.

பிறகு நான்கு முறை அந்தச் சோதனையை நீண்ட நேரம் ஓட்டினோம். அவள் கேட்கவில்லை, நானே ஏற்பாடு செய்தேன். இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் மின்சாரம் விட்டு வந்ததில் வெப்பப் பெட்டி முப்பத்தேழு டிகிரியிலிருந்து இறங்கி, அதற்குப் பிறகு வந்ததை நம்ப முடியவில்லை. நான்காவதில் ஒரு தயக்கம் தெரிந்தது, முந்நூறு மைக்ரானுக்கு அப்பால், அகலத்தில் பாதிக்கு. அதைப் பட்டை என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் பார்த்தது இது இல்லக்கா" என்றாள். அந்த இரவைப் பற்றி அவளாகச் சொன்னது அது ஒன்றுதான். அது குறையாகச் சொல்லப்பட்டதா, அளவீடாகச் சொல்லப்பட்டதா என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

குறிப்பேட்டைப் படித்த பிறகு இன்னொன்று உறுத்துகிறது. அவள் மூன்று மணி நேரம் கேட்டாள், நான் பூஜ்யம் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் ஐந்து நாற்பதுக்கு ட்ரிப்சின், ஆறே காலுக்குள் எல்லாம் முடிந்திருக்கும். மெஜஸ்டிக் ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள் நான். அன்று ஏன் பேசவில்லை? விதி இருந்தது, விதியைச் சொன்னேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விதி ஏழு மணிக்குத்தான் இருந்தது. மூன்றே முக்காலில் இருந்தது நான் மட்டும்.

ஆனாலும் நாளை இரவு வேறொரு மாணவன் அதே நேரத்தில் அழைத்து அதையே கேட்டால், ட்ரிப்சின் படத்தைப் பத்திரப்படுத்து என்றுதான் முதலில் சொல்வேன் என்று நினைக்கிறேன். அது தவறான அறிவுரை என்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோப்புறையை நேற்று மறுபடி திறந்தேன். தொண்ணூற்றேழாவது படம் வரை செல்கள் இருக்கின்றன. அடுத்தது ட்ரிப்சினுக்குப் பிந்தையது, கறுப்பில் மணிகள் மட்டும். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தால் மணிகள் தத்தம் இடத்துக்குத் திரும்புவது தெரியும். விளிம்பருகே உள்ளவை வெளிநோக்கித் திரும்புகின்றன, எதிர்பார்த்தபடி. நானூறு மைக்ரானுக்கு உள்ளே ஒரு கோட்டில் உள்ளவை எதிர்த் திசையில், உள்நோக்கித் திரும்புகின்றன. கட்டுரைக்காக நாங்கள் படத்தை வெட்டியது விளிம்பிலிருந்து முந்நூற்றைம்பது மைக்ரானில்.

அவள் இப்போது மைக்ராஸ்கோப்பை வாரக் கடைசிகளில் மட்டும் பதிவு செய்கிறாள், சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலைவரை. பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறாள். அதற்கு ஒப்புதல் கையெழுத்து நான்தான் போடுகிறேன்.