எட்டு போட்டா போதுமா?

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காலை ஊனாம எட்டு போட்டா லைசென்ஸ் கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் யாரும் நமக்கு பைக் ஓட்டச் சொல்லித் தர்றதில்லை. கார்னா டிரைவிங் ஸ்கூல் போறோம். பைக்குக்கு சித்தப்பாதான் வாத்தியார். அவர் சொல்ற முதல் பாடமே, "முன் பிரேக்கைத் தொடாதடா, தூக்கி அடிச்சிடும்!"

1980ல அமெரிக்காவுல கீத் கோட் ஆரம்பிச்ச கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், சென்னை பக்கத்துல இருக்கிற நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கே வந்து வகுப்பு எடுத்திருக்காங்க. இந்த மாதிரி பயிற்சிகள்ல சித்தப்பா பாடம்தான் முதல்ல அடிபடும். பிரேக் பிடிச்சதும் வண்டியோட எடையில பெரும்பகுதி முன்னாடி வந்துடும். பின் சக்கரம் லேசாகி, பின் பிரேக்கை ஓங்கி அழுத்தினா வழுக்கும். நிறுத்துற பலம் முன்னாடிதான். ஆனா லீவரை வெடுக்குனு இழுக்கக்கூடாது, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். டயர் அழுந்தி ரோட்டைப் பிடிக்க ஒரு கணமாவது கொடுக்கணும்ல.

இன்னொண்ணு, வேகத்துல இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னால தள்ளணும். நம்பவே மாட்டீங்க. காலி ரோட்டுல மெதுவா தள்ளிப் பாருங்க, வண்டி தானா சாயும்.

அப்புறம் கண்ணு. பள்ளத்தையே பார்த்தா பள்ளத்துலதான் விழுவோம். போக வேண்டிய வழியைப் பார்க்கணும்.

இந்த மாதிரி பயிற்சிக்கு ஃபீஸ் கொஞ்சம் அதிகம்தான். ஆனா ஊரையே எழுப்புற சைலன்சருக்குக் கொட்டுற காசை விடவா?

கோயம்புத்தூர் பக்கம் நல்ல பயிற்சி எடுத்தவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. தம்பிக்கு இப்பதான் புது வண்டி வந்திருக்கு.