வளைந்து போன உழவு

நேராக வந்த உழவுச்சால், அந்த மேட்டருகே அரைவட்டமாக வளைந்து விலகிப் போகிறது.

இன்று அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஒரு வேலியோரம் நின்று பார்த்தேன். முட்செடி மூடிய வட்டமான மண்கரை, சுற்றிலும் தூர்ந்துபோன அகழி. அவ்வளவுதான்.

இதை வட்டக் கோட்டை (ringfort) என்கிறார்கள். உண்மையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயக் குடும்பம் மாடுகன்றுகளோடு வாழ்ந்த வீடு. அயர்லாந்தில் இப்படி 40,000-க்கு மேல் உண்டு. ஊர்ப்பெயர்களில் வரும் 'ராத்', 'லிஸ்' எல்லாம் இவைதான்.

தேசிய நினைவுச்சின்னச் சட்டம் வந்தது 1930-இல். அதற்கு முன் இவற்றைக் காத்தது பயம். உள்ளே தேவதைகள் குடியிருக்கிறார்கள், கைவைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம்.

அப்படியும் எத்தனையோ வட்டங்களை இயந்திரங்கள் நிரவிவிட்டன. நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கே டிராக்டர் ஓட்டியவர் கரையோரம் இரண்டடிப் புல்லையும் சேர்த்தே விட்டுவைத்திருக்கிறார்.