பெண்ணையாற்றங்கரையில் ஒரு பிரதோஷம்

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிறவர்களில் பலர் காவேரிப்பட்டணத்தைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. ஊருக்குள் இறங்கி ஆற்றோரமாகப் போனால் பழைய சிவன் கோயில் இருக்கும் பெண்ணேஸ்வரமடம். தை மாதப் பிரதோஷத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கோயில் வாசலுக்குப் போக விடவில்லை அவர். "மொதல்ல ஆத்தக் கும்புடு கண்ணு, அப்புறம் சாமி." கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளியையும் பிறகு கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையையும் கடந்துதான் இங்கே வருகிறது. கெலவரப்பள்ளியில் கழிவு நுரை மலைபோல் பொங்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தயக்கம். காலை மட்டும் நனைத்துக்கொண்டேன். பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, ஈரக் கையோடு விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

பிரதோஷ அபிஷேகத்துக்கு நேரம் இருந்ததால் சுவரோரம் சுற்றி வந்தேன். கருங்கல் முழுக்கத் தமிழ் எழுத்து. புள்ளி வைக்காத பழைய எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் கண் பூத்துவிடும், ஆனாலும் விட மனசு வராது. மூன்றாம் குலோத்துங்க சோழன், தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட பிற்கால அதியமான்கள், போசள (ஹொய்சள) மன்னன் வீர ராமநாதன் எல்லோருமே இந்தக் கோயில் கல்வெட்டுகளில் வருகிறார்கள். பாண்டியரிடம் ஸ்ரீரங்கம் பக்கத்துக் கண்ணனூரை இழந்தபின் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை ஆண்டவன் ராமநாதன். சோழன் வேறு, போசளன் வேறு. இருந்தும் ஆளுக்கொரு சுவரில் ஒரே ஈசனுக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மூலவரைவிட நடுகற்கள் மேல்தான் அன்று கண். சொன்னால் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஆநிரை மீட்கப் போனவனும் ஊருக்காகச் செத்தவனும் வில்லோடும் வாளோடும் கல்லில் நிற்பது எங்கள் பக்கம் வயல் வரப்பிலெல்லாம் காணக்கூடியது. சில கற்களில் அடுக்கு அடுக்காகக் கதை ஓடும்: கீழே சண்டை, நடுவே தேவமாதர் இருபுறமும் நின்று அவனைத் தூக்கிப் போவது, மேலே லிங்கத்தின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பது. கணவனோடு தீப்பாய்ந்தவள் கையை உயர்த்தியபடி பக்கத்தில் நிற்பதும் உண்டு.

ஆராய்ச்சியாளர்களுக்கு அது வரலாற்றுச் சான்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் அதே கல் வேடியப்பன் சாமி. மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, பிள்ளைக்கும் அந்தப் பேரையே வைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. பெரியம்மாவும் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நம்ம வேடியப்பன்தான்டா" என்றார். கல்லில் நிற்பவர் யார், எந்தச் சண்டையில் செத்தார் என்று கேட்கவே இல்லை.

நந்திக்குப் பாலும் தயிரும் ஊற்றி, அருகம்புல் சாத்தி, கொம்புகளுக்கு நடுவே தீபாராதனை பார்த்தோம். சங்கு, சேகண்டி, முறையாகப் பயிலாத ஒரு குரலில் தேவாரம். கூட்டம் அதிகமில்லை என்பதே ஒரு பாக்கியம். குருக்கள் கொடுத்த வில்வத்தைப் பெரியம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் காவேரிப்பட்டணம். 1767 ஆகஸ்டில் ஹைதர் அலி இரண்டே நாள் முற்றுகையில் இங்கிருந்த ஆங்கிலேயப் படையிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஊர் இது. இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் இறங்கித் தேடுவது நிப்பட்டு என்கிற தட்டை விற்கும் கடையை. நாங்களும் வாங்கினோம்.

மாசியில் இதே ஆற்றங்கரையில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா. காளி வேடம் கட்டியவர்கள் ஆடி வர, ஊர் மொத்தமும் கரையில் நிற்கும். அதற்கு வரலாமா என்றேன். "வராம? ஆனா காலையிலயே கெளம்பணும், பொழுது சாஞ்சா நிக்க எடம் கெடைக்காது" என்று நிப்பட்டைக் கடித்தபடி சொன்னார் பெரியம்மா.