கோர்டன் ப்ளூ குஞ்சு எடுத்த கதை: "விதை போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

எங்கள் கூண்டில் சிவப்புக் கன்னக் கோர்டன் ப்ளூ (ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன நீல நிறப் பிஞ்ச் பறவை) குஞ்சுகள் ஒருவழியாகத் தானாகவே விதை கொத்தித் தின்ன ஆரம்பித்துவிட்டன. நிம்மதிதான். ஆனால் வழியில் செத்துப்போன குஞ்சுகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சரியான தகவலை ஒருவராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவற்றில் பலவும் பிழைத்திருக்கும்.

ஜீப்ரா பிஞ்ச், பெங்காலி பிஞ்ச் எல்லாம் வளர்த்துவிட்டு அடுத்த கட்டமாக இந்தப் பறவைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கூண்டின் அளவு, தினை வகை, கணவாய் ஓடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் தொல்லை ஜோடியிலேயே வந்தது. ஆணுக்குக் கன்னத்தில் சிவப்புப் பொட்டு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. இதை வைத்துத்தான் எல்லோரும் ஜோடி பிரிக்கிறார்கள். வளர்ந்த பறவை என்றால் சரி. ஆனால் இளம் ஆணுக்கும் அந்தச் சிவப்பு கிடையாது. சில மாதம் கழித்து இறகு மாறும்போதுதான் வரும். எனக்குப் "பெண்" என்று கொடுத்த பறவைக்கு ஒருநாள் கன்னத்தில் சிவப்பு இறகு எட்டிப்பார்த்தது! அதற்குள் ஒரு நல்ல பருவமே போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்து அவ்வளவு தூரம் எடுத்துப் போனேன். விற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. பொரித்த தேதி கேட்டேன், எழுதி வைக்கவில்லை என்றார். எந்தத் தாய் தகப்பனுடைய குஞ்சு என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. "வைக்கோலை வாயில் வைத்துக்கொண்டு ஆடுவதுதான் ஆண், பார்த்துக்கொண்டு இருப்பது பெண், நீங்களே பாருங்கள்" என்றார். இது சுத்தத் தவறு. கோர்டன் ப்ளூ பெண்ணும் பாடும். இதன் நெருங்கிய சொந்தமான நீலத்தலைக் கோர்டன் ப்ளூவை நொடிக்கு 300 படம் என்ற வேகத்தில் படமெடுத்து, 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலையை ஆட்டிப் பாடும் அதே நேரத்தில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் கால்களால் கிளையைத் தட்டுகின்றன. ஆண், பெண் இரண்டுமே அப்படி ஆடுகின்றன. ஆகவே ஆட்டத்தையும் பாட்டையும் வைத்து ஜோடி சேர்க்காதீர்கள். அலகு இன்னும் கருத்திருக்கிற இளசாக இருந்தால், சிவப்பில்லாத பறவையைப் பெண் என்று வாங்கவே வாங்காதீர்கள். பொரித்த தேதியை எழுத்தில் கேளுங்கள்.

உண்மையான பெண் வந்ததும் கூடு கட்டியது, நாலு முட்டை இட்டது, இரண்டும் மாறி மாறி அடைகாத்தது, பன்னிரண்டு நாளைக்கெல்லாம் பொரித்தது. இதில் ஒரு சிரமமும் இல்லை.

சோதனை அதற்கப்புறம்தான். பொரித்த மறுநாள் காலை குஞ்சுகள் கூண்டின் தரையில் கிடந்தன. அடுத்த முட்டைகளுக்கும் அதே கதி. விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்: "இது விதை தின்கிற பறவை, முட்டைக் கலவை வைத்தால் போதும்."

போதாது. செனகலிலிருந்து எத்தியோப்பியா, கென்யா வழியாகத் தெற்கே சாம்பியா வரை, புல்வெளியிலும் முள்மரக் காட்டிலும் ஊர் ஓரத்திலும் சாதாரணமாகத் திரிகிற பறவை இது. தரையில் புல்விதை பொறுக்கும்; கூடவே கரையான், சின்னப் பூச்சிகள். பெரும்பாலும் மழையை ஒட்டித்தான் குஞ்சு பொரிக்கும், அப்போது பூச்சிக்குப் பஞ்சமில்லை. குளவிக் கூட்டுக்குப் பக்கத்திலேயே தன் கூட்டைக் கட்டுவதும் உண்டு. முதல் சில நாள் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் உயிருள்ள பூச்சிதான். அது கிடைக்காவிட்டால் தாய் தகப்பனே குஞ்சை வெளியே தள்ளிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் தற்காலிகமாகவும் 2007-ல் நிரந்தரமாகவும் காட்டில் பிடித்த பறவைகளின் இறக்குமதியை நிறுத்தும்வரை, செனகல் பக்கத்திலிருந்து இவை ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தன. செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்ற காலத்தில் பிறந்த அறிவுரைதான் இந்த "விதை போதும்" என்பது என் எண்ணம்.

பூச்சிக்கு நான் செய்தது இது. கனிந்த வாழைப்பழத்தைப் போட்டு, சின்ன ஓட்டை விட்ட டப்பாவைக் கூண்டுக்குள்ளேயே வைத்தேன்; பழ ஈ தானாக உற்பத்தியாகி வெளியே வரும், பறவைகளும் பறந்து பிடிக்கும். மீல்வார்ம் (மாவுப் புழு) கொடுத்தால் தானே தோல் உரித்து வெள்ளையாக இருக்கும் புழுவை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள், மற்றதன் ஓடு குஞ்சுக்குக் கடினம். கரையான் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை, ஆனால் மருந்து அடித்த மரத்திலிருந்து எடுக்கவே கூடாது. ஒரே தடவை குவித்து வைக்காமல் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இதைப் பொரிப்பதற்குச் சில நாள் முன்பே ஆரம்பித்தால்தான் பெற்றவை பழகும்.

பூச்சி வந்ததும் தள்ளிவிடுவது நின்றது. குஞ்சின் தொண்டைப்பை நிறைந்து தோல் வழியே தெரிந்த அன்று நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது!

அதற்குள் இன்னொரு அறிவுரை: குஞ்சின் காலில் அடையாள வளையம் உடனே போடுங்கள் என்று ஒரு அனுபவசாலி வற்புறுத்தினார். போட்ட குஞ்சு மறுநாளே வெளியே கிடந்தது. பளபளக்கும் வளையத்தைக் கூட்டில் கிடக்கும் குப்பையாக நினைத்து இழுத்தெறியும்போது குஞ்சும் சேர்ந்தே வந்துவிடும். இப்போதெல்லாம் நான் கூட்டுக்குள் கைவிடுவதே இல்லை. பறக்க ஆரம்பித்த பிறகு திறந்த வளையம் (பிளவு விட்டது, வளர்ந்த காலிலும் மாட்டலாம்) போட்டால் போதும்.

இரவுக் குளிரையும் கவனியுங்கள். சிறகு முழுதாக முளைக்கும் முன்பே தாய் இரவில் மேலே உட்காருவதை நிறுத்திவிடக்கூடும். ஈரமும் குளிரும் இந்தப் பறவைக்கு ஆகவே ஆகாது. கூண்டு இருக்கும் அறையில் வெப்பம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்துவிடும். வந்த பிறகும் சுமார் இரண்டு வாரம் பெற்றவைதான் ஊட்டும், அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஆனால் இளம் ஆண்களுக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்தால் தகப்பன் துரத்த ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் இன்னொரு கூண்டு தயாராக இருக்கட்டும். எங்களுடையது இன்றுதான் கம்பி அடித்து முடிந்தது.