பேனாவைக் கைமாற்றிய சனிக்கிழமை

மனிதவளத் துறையினர் சங்கத்தில் தன்னார்வலர் குழுவுக்குத் தலைவியாகி இரண்டு வருடம் ஆகிறது. கூட்டக் குறிப்பெல்லாம் வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் வரும்போது எழுதுவதுதான்.

நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இலவச ஆலோசனை மேசை. கிடங்கில் வேலை செய்யும் ஒரு தம்பி, நாலாக மடித்த சம்பளச் சீட்டை நீட்டினார்.

"அக்கா, வீட்டுல அடுத்த மாசம் பிரசவம். எனக்கு லீவு உண்டா?"

உண்டு. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத் திருத்தப்படி, 2023 ஜனவரி 1 முதல் மணமான ஆண்களுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள். (தாய்மார்களுக்கு 60 நாள் இருந்தது 98 ஆனதும் அப்போதுதான்.) அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, இல்லாவிட்டால் குழந்தை பிறந்ததும் கூடிய சீக்கிரம், முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தம்பிக்கு இன்னும் 34 நாள் இருந்தது! அப்பாடா என்றிருந்தது எனக்கு.

முதலாளிக்குத் தெரிவிக்கும் கடிதத்தை நானே எழுதியிருக்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த தங்கச்சியிடம் பேனாவைக் கொடுத்தேன். முதல் வரியில் கை நடுங்கியது. அப்புறம் மலாயில் மளமளவென்று எழுதி, தமிழில் அவருக்கு வாசித்தும் காட்டினாள். அடுத்த வருடம் இந்த மேசை அவள் பொறுப்பு.

இன்னும் இரண்டு பேர் தேவை. சனிக்கிழமை காலை நேரம் இருந்தால் சொல்லுங்கள்.